மேல்பூச்சு இல்லாத கம்பம்

சிங்க் பாஸ்பேட் என்பது ஒரு வெள்ளைத் தூள். பார்க்க சுண்ணாம்பு மாதிரி இருக்கும், ஆனால் சுண்ணாம்பு இல்லை. தண்ணீரில் கரையாது. அதை எண்ணெயில் குழைத்து இரும்பின் மேல் பூசினால், உள்ளே வரும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இரும்போடு சேர்ந்து மெல்லிய தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். துரு கிளம்பாது. அதன் வேலை அவ்வளவுதான். அழகுக்காக யாரும் அதைப் பூசுவதில்லை. மேலே இன்னொரு பெயிண்ட் அடிக்காமல் வெயிலிலும் மழையிலும் விட்டால் அதுவும் ஒருநாள் தோற்றுப்போகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இது தெரியாமல் ஒரு தெருவையே கொளுத்தப் பார்த்தார்கள்.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பாயின் வெல்டிங் பட்டறையில் பெயிண்டராக இருந்தேன். கச்சிராயபாளையம் ரோட்டில் கடை. கேட், ஜன்னல் கம்பி, கரும்பு ஏற்றும் டயர் வண்டிக்குச் சட்டம், கல்வராயன் மலை ஊர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் செய்வோம். முன்பு கலருக்கு அடியில் பிரைமராக, முதல் பூச்சாக, அடித்தது செம்மண் நிறத்து ரெட் ஆக்சைடு. இல்லையென்றால் மஞ்சள் குரோமேட். மஞ்சள் தூளில் வேலை செய்து பாயின் விரல் இடுக்கெல்லாம் புண் வந்தது. மெட்ராசில் பெயிண்ட் கம்பெனியில் இருந்த அவருடைய மச்சான்தான் வெள்ளைத் தூளைப் பற்றிச் சொன்னவர். அன்றிலிருந்து மூட்டையாக வரவழைத்துப் பாயே குழைத்துக் கொடுப்பார். தனியாகப் பூசினால் அது இரும்பை மறைக்காது, அடியில் இருக்கும் கருப்பு தெரியும். அதனால் கொஞ்சம் வேறு வெள்ளையும் கலப்பார். பூசி முடித்தால் பளிச்சென்று இருக்கும்.

வம்பு அந்தப் பளிச்சில்தான் வந்தது. செவப்பு பிரைமரைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியும், வேலை முடியவில்லை என்று. வெள்ளையைப் பார்த்தால் முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். காய்ந்ததும் கேட்டைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த வருஷம் துருவோடு வந்து பாயின் பரம்பரையையே திட்டுவார்கள்.

"யோவ், இது பனியன்யா! பனியனோட எவனாச்சும் கல்யாணத்துக்குப் போவானா? சட்டை போட்டுக்கினு போன்னு சொன்னனா இல்லியா?" என்று பாய் கத்துவார். யார் காதிலும் ஏறாது.

வெல்டர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர், மலையடிவாரம். நான் ஊர்த்தெரு, அவர் காலனி. பட்டறையில் அவர் என்னை "டேய், பெயிண்டு" என்பார். நான் அவரை அண்ணே என்பேன். ஒரே டிபன்பாக்சில் இரண்டு பேரும் கை விட்டுச் சாப்பிடுவோம். சாயங்காலம் சைக்கிளில் ஒன்றாகத்தான் வீடு திரும்புவோம். ஊருக்கு முன்னால் ஒரு வாய்க்கால் பாலம் உண்டு. அது வந்ததும் அவர் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். தலையில் கட்டியிருந்த துண்டு அக்குளுக்குப் போகும். ஊர்த்தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டே நடப்பார். எதிரில் யாராவது வந்தால் என்னைப் பார்த்து "வரட்டுங்களா?" என்பார். மறுநாள் காலையில் பாலம் தாண்டியதும் மறுபடி "டேய், பெயிண்டு." இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே வளர்ந்தோம்.

அப்போதுதான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. கேட்டது நியாயம். எங்கள் சாதியில் பத்தாவது தாண்டியவனை விரல்விட்டு எண்ணலாம். ஆபீசில் போய் நின்றால் எங்களை யாரும் மதிக்கவில்லை. படிப்பிலும் வேலையிலும் தனியாகப் பங்கு கேட்டார்கள். சேலம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, பால் இல்லை. பட்டறை பூட்டிக் கிடந்தது. போலீஸ் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. அதெல்லாம் சர்க்காரோடு போட்ட சண்டை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மரம் வெட்டிய கத்தியைக் கீழே வைப்பதற்கு முன்பே எங்கள் ஆட்கள் அடுத்த தெருவைத் திரும்பிப் பார்த்தார்கள். காலனிக்காரனுக்கு மட்டும் பங்கு முன்பே கிடைத்துவிட்டது என்ற பொறாமை. சுற்று வட்டாரத்தில் சில ஊர்களில் காலனிக் கூரைகள் எரிந்தன. மேலே உட்காருகிறவன் எங்கள் இரண்டு பேர் தலையிலும்தான் உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் ஒரு கல்கூட எடுத்து அடிக்கவில்லை.

ரோடு திறந்ததும் பட்டறைக்கு வந்த முதல் வேலை கொடிக்கம்பம். ஊருக்கு ஊர், முக்குக்கு முக்கு கம்பம் கேட்டார்கள். கீழே பருத்த பைப்பு, நடுவில் அதைவிடச் சின்னது, மேலே இன்னும் சின்னது, ஒன்றுக்குள் ஒன்று சொருகி வெல்டிங். அதன் மேல் வெள்ளை பிரைமர். அதற்கும் மேல் அவரவர் நிறம். எந்தச் சாதிக்கு எந்த நிறம் என்று எழுதமாட்டேன். எழுதினால் இன்றைக்கும் எவனாவது கல்லைத் தூக்கிக்கொண்டு வருவான்.

எங்கள் ஊர்க் கம்பத்தைச் சொல்லிவைத்தது என் சித்தப்பா. ஊரில் சங்கம் என்றால் அவர்தான். அதே வாரத்தில் காலனிப் பையன்களும் ஒரு கம்பம் கேட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றது வெல்டரின் தம்பி, கள்ளக்குறிச்சியில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தவன். பாய் இரண்டுக்கும் ஒரே பைப்பு வாங்கினார். வெல்டர் இரண்டையும் ஒரே அளவில் வெட்டி ஒட்டினார். நான் இரண்டுக்கும் பிரைமர் அடித்துச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன்.

சித்தப்பா பார்க்க வந்தார்.

"இன்னாடா, ரெண்டு இருக்குது? எது நம்பளுது?"

"எதுவா இருந்தா இன்னா சித்தப்பா? இன்னும் கலர் அடிக்கல."

"ரெண்டும் ஒரே ஒசரமா இருக்குதே. இன்னொண்ணு எந்த ஊருக்கு?"

வெல்டர் குனிந்து ஏதோ கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் குனிந்த விதத்திலேயே சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

"ஓஹோ," என்றார். அவர் குரல் ஏறவே இல்லை. "படிச்ச புள்ளைங்க ஜாஸ்தியாயிட்டானுங்க. நடட்டும், நடட்டும். கம்பத்துல கலர் ஏறட்டும் மொதல்ல. அப்புறம் கூரைல இன்னா ஏறுதுன்னு பாக்கலாம்."

பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "இன்னாங்க நாட்டாமை, கடைல வந்து இப்டி பேசலாமா? டீ சாப்புடுங்க." சித்தப்பா டீயைக் குடித்துவிட்டு, எங்கள் கம்பத்துக்குக் கலர் எப்போது ஆகும் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் பக்கத்துக் காலனி வீடுகளுக்குக் கரும்புச் சோகைதான் கூரை. கரும்பு வெட்டியதும் உதிர்ந்து கிடக்கும் காய்ந்த தோகை. அது கொல்லையில் கிடந்தாலே ஒரு பீடி போதும், எழும்பிவிடும். கூரையில் அடுக்கடுக்காகக் கட்டி, வீட்டை ஒட்டி வீடு. ஒன்றில் பிடித்தால் தெரு மொத்தமும் போகும். அந்தச் சோகையும் எங்கள் ஆட்களுடைய கொல்லையிலிருந்துதான் போகவேண்டும். கேட்டு, நின்று, கும்பிட்டு அள்ளிக்கொண்டு போகவேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் வெல்டர் என்னிடம் சொன்னார். "டேய், எங்க கம்பத்துக்குக் கலர் அடிக்காத. வெள்ளையாவே வுடு."

"அண்ணே, அது பிரைமர். வெளில நின்னா மழைய குடிச்சிக்கும். ஒரு வருஷம் தாங்காது."

"துரு புடிச்சா தேச்சிக்கலாம். கூரை போனா சோகை எவன் குடுப்பான்? ஒங்க சித்தப்பனா?"

"ஒங்க தம்பி ஒத்துக்குவானா?"

"அவன் காலேஜுக்குப் போயிடுவான். வூட்ல குந்திக்கினு இருக்கறவ என் பொண்டாட்டி. ரெண்டு புள்ளைங்க."

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. பட்டறைக்கே வந்து கத்தினான். "அவனுங்க கம்பம் கலரோட நிக்கும். நம்பளுது மட்டும் அம்மணமா நிக்கணுமா? அண்ணா, நீ வெல்டிங் வச்சியா, இல்ல கும்புடு வச்சியா?" வெல்டர் கண்ணாடியைக் கழற்றாமலே "நீ வூடு கட்டிக் குடுத்தனம் பண்ணு, அப்போ பேசு" என்றார். நான் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். பேச எனக்கு என்ன உரிமை இருந்தது? எரிவது அவர்களுடைய கூரை.

கடைசியில் கம்பம் வெள்ளையாகவே போனது. காலனி முனையில், ரோட்டோரம் நட்டார்கள். கொடி ஏற்றவில்லை. எங்கள் கம்பம் ஊர் நடுவில் நிறத்தோடும் மாலையோடும் ஒலிபெருக்கியோடும் ஏறியது.

வெள்ளைக் கம்பத்தைப் பார்த்து எங்கள் ஆட்கள் குழம்பியதை நினைத்தால் ஒருபக்கம் சிரிப்பு வரும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சொந்தக்காரன் இருந்தான். வெள்ளைக்கு மட்டும் யாரும் இல்லை. டீக்கடையில் ஒருவர் அது சர்ச்சுக் கம்பம் என்றார், எல்லோரும் வேதத்தில் சேரப்போகிறார்களாம். இன்னொருவர், ரோட்டு ஆபீசில் நட்ட கம்பம், பாலத்துக் கட்டைக்கு வெள்ளை அடிக்கிறானே அது மாதிரி என்றார். சித்தப்பாவுக்கு அது யாருடையது என்று நன்றாகத் தெரியும். ஆனால் நிறம் இல்லாத கம்பத்தின் மேல் எப்படிக் கோபப்படுவது என்று தெரியவில்லை. "அடக்கமா இருந்தா சரி" என்றார். கொஞ்ச நாளில் எங்கள் ஆட்களே அதில் மாடு கட்டினார்கள். வெல்டரின் தம்பி அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டான்.

அப்புறம் மழைக்காலம் வந்தது. மலைமேல் மூட்டம் போட்டால் எங்களுக்கு அடைமழை. கோமுகி அணை நிரம்பி வாய்க்கால் எல்லாம் ஓடியது. நான் சொன்னது நடந்தது. மாட்டுக்கயிறு தேய்த்த இடத்தில் பிரைமர் போய்விட்டது. வெல்டிங் ஒட்டுகளிலும் ஈரம் இறங்கியது. மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில் கம்பத்தின் மேலிருந்து கீழ்வரை செவப்புக் கோடுகள். வெள்ளையின் மேல் துரு வழிந்தால் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். செவப்பு பிரைமராக இருந்திருந்தால் யார் கண்ணுக்கும் பட்டிருக்காது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில் இருந்தேன். தெருவில் சத்தம். எட்டிப் பார்த்தால் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கூட ஒரு கூட்டம். ஒருவன் கையில் மண்ணெண்ணெய் டப்பா.

"கலர் ஏத்திட்டானுங்கடா," என்றார் சித்தப்பா. "செவப்பு. எந்தக் கலரா இருந்தா இன்னா? மெல்லமா, கோடு கோடா ஏத்தறானுங்க. நமக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாசலில் இறங்கிக் கத்தினேன். "சித்தப்பா, அது துரு! மழைல வந்த துரு!"

"போடா. துரு கேட்டுல வரும், வண்டில வரும். நம்ப கம்பத்துல வந்துச்சா?"

"நம்பளுதுக்கு மேல கலர் இருக்குது. அதுக்கு இல்ல. நீங்க பண்ண வேலதான் அது!"

"நீ அங்க வேல செய்றவன். அவனுக்குத்தான் பேசுவ," என்றான் டப்பாக்காரன். அவன் என் பெரியம்மா மகன்.

நான் ஓடினேன். அவர்களும் பின்னால் வந்தார்கள். கம்பத்தின் அடியில் வெல்டர் நின்றிருந்தார், காலனி ஆம்பிளைகள் சிலர் அவருக்குப் பின்னால். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏற்கெனவே கரும்புக் கொல்லைக்குள் போய்விட்டார்கள். பாத்திரங்கள் வாசலில் கிடந்தன. அவர்களுக்கு இது பழக்கமாகியிருந்தது.

நான் துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கம்பத்தைத் துடைத்தேன். துண்டு செங்கல் நிறமாகிவிட்டது. சித்தப்பாவின் மூக்கு நேராக நீட்டினேன். "பெயிண்ட்டா இது? மோந்து பாருங்க. கலர்னா எண்ண வாசம் வரும். இது இரும்பு வாசம். வேணும்னா நாக்குல வச்சிப் பாருங்க." ஒரு சில்லுக் கல்லால் சுரண்டினேன். துரு செதில் செதிலாக உதிர்ந்தது, அடியில் கருத்த இரும்பு தெரிந்தது. என்னென்னவோ கத்தினேன். இரும்புக்குச் சாதி தெரியாது என்றுகூடக் கத்தியதாகச் சொல்கிறார்கள். எனக்கு ஞாபகம் இல்லை.

கூட்டத்தில் ஒரு கிழவர், டயர் வண்டி வைத்திருக்கிறவர், முன்னால் வந்து தொட்டுப் பார்த்தார். "ஆமாம்பா, துருதான்" என்றார். எவனோ சிரித்தான். அப்புறம் நாலைந்து பேர் சிரித்தார்கள். சித்தப்பாவும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "சரி, துரு. ஆனா செவப்பாத்தான தெரியுது? தேச்சி வெள்ளையா வச்சிக்கச் சொல்லு" என்றார். வெல்டரை நேராகப் பார்த்துச் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். போகும்போது டப்பாக்காரன் காலனி வாசலில் கிடந்த ஒரு பானையைக் காலால் உதைத்துவிட்டுப் போனான்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு வெல்டரைப் பார்த்தேன்.

"இன்னிக்கித் துருன்னு காமிச்ச," என்றார். "நாளைக்குக் காக்கா எச்சம் போட்டா அதையும் மோந்து காமிப்பியா? நாளான்னிக்கி நீ ஊர்ல இல்லன்னா?"

"நாளைக்கே தேச்சி ரெண்டு கோட்டு பிரைமர் போட்டுடறேன் அண்ணே." வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், ஊருக்குள், நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"வேணாம். நீ பூசிக்கினே இருப்ப, நாங்க பயந்துக்கினே இருப்பமா? இந்தக் கம்பத்த வெள்ளையா வச்சிக்கச் சொன்னதே நான் பண்ண தப்பு. கம்பம் எரியாது. எரியறத மாத்தணும்."

மறுநாள் அவரும் தம்பியும் காலனி ஆட்களும் சேர்ந்து கம்பத்தைச் சாய்த்தார்கள். தம்பி அழுதுகொண்டே கயிறு பிடித்தான் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். வண்டியில் பட்டறைக்குக் கொண்டுவந்து துண்டு துண்டாக அறுத்தார் வெல்டர். அந்தப் பைப்பிலேயே தன் வீட்டுக்குக் கூரைச் சட்டம் செய்தார். மேலே போட சிமெண்ட் ஷீட்டு. கடன் யாரிடம் வாங்கினார், எப்படி வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. பாய் மட்டும் இரண்டு நாள் வெளி வேலை எடுக்காமல் பட்டறையை அவருக்கு விட்டுக்கொடுத்தார். சட்டத்துக்குப் பிரைமர் நான் அடித்தேன். மேலே சட்டை போடலாமா என்று பாய் கேட்டார். வெல்டர், "வூட்டுக்குள்ள மழையா பெய்யப்போவுது? இதே போதும்" என்றார்.

ஷீட்டு ஏற்றிய வண்டி எங்கள் ஊர்த்தெரு வழியாகத்தான் போகவேண்டும். வேறு வண்டிப்பாதை கிடையாது. தெரு முனையில் சித்தப்பா கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கக்கூட இல்லை.

"காலனில ஷீட்டு வூடா?" என்றார். "ஊர்லயே பாதிப்பேரு ஓலைலதான் கெடக்கறான். எங்க தெரு வழியா எங்க கண்ணு முன்னாடியே எடுத்துக்கினு போவீங்களா?"

வண்டிக்காரன் மாட்டை நிறுத்திவிட்டான். நான் சித்தப்பாவைப் பார்த்துச் சண்டைக்குப் போனேன். என் அப்பா வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏண்டா, கூரை மாத்தறானேன்னு கூட ஒனக்குச் சந்தோஷம் இல்லியா சித்தப்பா? கொளுத்தற வேல ஒனக்கு மிச்சம்தான?" என்று கத்தினேன். நான் அவரை "டா" போட்டது அன்றுதான். அவர் என்னோடு பேசுவதை அன்றோடு விட்டுவிட்டார். எனக்கு நஷ்டம் இல்லை.

வெல்டர் கத்தவில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னார். வாய்க்கால் பாலத்துக்குக் கிட்டே ஷீட்டுகளை இறக்கிவைத்தார்கள். அங்கிருந்து காலனிக்குக் கரும்புக் கொல்லை வரப்பு மேல் போகலாம், வழுக்கும். ஒரு ஷீட்டுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், தலையில் துண்டைச் சும்மாடாக வைத்து நடந்தோம். நான் பின்னால், வெல்டரின் தம்பி முன்னால். ஒரு இடத்தில் என் கால் சேற்றில் இறங்கிவிட்டது. ஷீட்டு சாய்ந்தது. "ஒடச்சிடாத. ஒண்ணு ஒடஞ்சா இன்னொண்ணு இல்ல" என்றான். வரப்பு முழுவதும் அவன் என்னோடு பேசியது அவ்வளவுதான்.

வெல்டர் வீட்டுக்கு ஷீட்டு ஏறியது. கோடையில் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும், ஆனால் யாரும் தீ வைக்க முடியாது. அந்தத் தெருவில் மற்ற வீடுகள் எல்லாம் சோகைக் கூரையாகவே இருந்தன. சாயங்காலம் ஊரில் ஏதாவது சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்துப் பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அந்த ஒரு வீட்டுக்குள் அடைப்பார்கள். எவ்வளவு பேர் அடைபட்டாலும் வெல்டரின் மனைவி கதவைச் சாத்துவதில்லை, இன்னும் யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே வாசலில் நிற்பார்.